வேலையும் எடையும்: நாற்காலிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் நாற்காலிக்காரன்தான். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். என் பேன்ட் இடுப்பு 32-லிருந்து 36-க்குப் போன கதையைச் சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு கேள்வியோடு வருவார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு, படித்துத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு எதையும் மாற்றுங்கள்.

உட்கார்ந்த வேலைதான் என் தொப்பைக்குக் காரணமா?

ஒரு காரணம், ஆமாம். 60 கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் மணிக்குச் சுமார் 80 கலோரி செலவாகும். அதே ஆள் நிதானமாக நடந்தால் 180 வரை போகும். எட்டு மணி நேர வேலையில் இந்த வித்தியாசம் எவ்வளவு சேரும் என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு கணக்குப்பிள்ளை மாதிரி வரவு செலவை வரி வரியாக எழுதுவதில்லை. குறைவாக அசைபவருக்குக் குறைவாகப் பசிக்க வேண்டும் அல்லவா? அப்படிப் பசித்தால் பிரச்சினையே இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் கீழே அதைப் பார்ப்போம்.

வேலைக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் யார் அளந்து பார்த்தார்கள்?

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர். அவர் கையில் எடுத்தது நம் ஊர்க்காரர்களுக்கும் நன்றாகப் புரியக்கூடிய விஷயம்: மாடி பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே ஷிப்ட், கிட்டத்தட்ட ஒரே வகைக் குடும்பப் பின்னணி. டிரைவர் ஷிப்டின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிப்பார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படி ஏறுவார். 1953-இல் வெளியான முடிவின்படி, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு டிரைவர்களைவிடக் கணிசமாகக் குறைவு. வந்தாலும் அதில் உயிர் போவது குறைவு.

இதுவரை பல பேருக்குத் தெரிந்த கதை. இதற்கு அடுத்த பாகம்தான் எனக்குப் பிடித்தது. வேலைதான் ஆளை மாற்றுகிறதா, இல்லை ஏற்கெனவே பருமனாக இருப்பவர் டிரைவர் வேலையைத் தேடிப் போகிறாரா? இந்தச் சந்தேகம் மோரிஸுக்கும் வந்தது. அதைத் தீர்க்க அவர் ரத்தமும் எடுக்கவில்லை, எடையும் பார்க்கவில்லை. பஸ் நிறுவனம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும், அதன் அளவுகள் பதிவேட்டில் இருக்கும் அல்லவா? அந்தப் பேன்ட் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். 1956-இல் வந்த அந்த ஆய்வின்படி, டிரைவர்களின் இடுப்பு எல்லா வயதிலும் பெரியது. இளம் வயதுக்காரர்களிடமே அந்த வித்தியாசம் இருந்தது. ஆக, சீட்டில் உட்கார்ந்ததால் மட்டும் தொப்பை வரவில்லை. தொப்பைக்கான வாய்ப்போடு வந்தவர்களே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படியானால் முதல் முடிவு பொய்யா? இல்லை. ஒல்லியோ பருமனோ, ஒரே இடுப்பளவுக்காரர்களை எடுத்து ஒப்பிட்டாலும் கண்டக்டர்களுக்கே இதய ஆபத்து குறைவாக இருந்தது. அசைவு இதயத்துக்குச் செய்யும் நன்மை ஒன்று, எடைக்குச் செய்வது வேறொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையல" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் இந்த ஆய்வைச் செய்தால் என்ன வரும் என்று யோசித்ததுண்டு. கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தபடி "டிக்கெட்ட வாங்கி பாஸ் பண்ணுங்க" என்கிற ஊரில் நடப்பது காசு மட்டும்தான்.

உட்கார்ந்தே இருப்பவருக்குப் பசி தானாகக் குறையாதா?

குறையாது என்றுதான் தெரிகிறது. இதற்கு அழகான சான்று கிடைத்தது மேற்கு வங்காளத்தின் ஒரு சணல் ஆலையில். ழான் மேயர், பூர்ணிமா ராய், கமாக்யா பிரசாத் மித்ரா என்ற மூவர் அங்கே 213 ஆண்களின் வேலை, சாப்பாடு, எடை மூன்றையும் கணக்கெடுத்து 1956-இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்கக் கடையில் அமர்ந்திருக்கும் வியாபாரிகள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள், நெசவாளர்கள், கரி அள்ளுபவர்கள், சுமை தூக்குபவர்கள் என்று எல்லாத் தரத்து உழைப்பும் ஒரே வளாகத்தில் இருந்தது.

லேசான வேலையிலிருந்து கடும் உழைப்பு வரை போகப்போகச் சாப்பாட்டின் அளவு கூடியது, எடையோ ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. உழைத்ததற்கு ஏற்பச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் கணக்கு தலைகீழானது. லேசாக வேலை செய்தவர்களைவிட அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் மிக அதிகம்.

அதாவது பசிக்கும் உழைப்புக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு குறைந்தபட்ச அசைவுக்கு மேலேதான் அது செல்லுபடியாகும். அதற்குக் கீழே போனால் பசி தன்னிஷ்டத்துக்கு நடக்கிறது. 213 பேர், அதுவும் ஆண்கள் மட்டும் என்பதால் ஒரே ஆய்வை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆலையில் உட்கார்ந்திருந்தவர்கள் வசதியும் கொஞ்சம் கூடியவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் பின்னால் வந்த பல ஆய்வுகள் இந்தப் பக்கமே சாய்கின்றன. நாற்காலியிலிருந்து மூட்டை தூக்கும் வேலைக்குப் போவது எடை விஷயத்தில் பெரிய காரியமில்லை. நாற்காலியிலிருந்து "கொஞ்சம் அசைகிற" நிலைக்கு வருவதுதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொத்தனாரும் லோடுமேனும் ஒல்லியாக இருப்பதற்கு உழைப்புதானே காரணம்?

உழைப்பும்தான், சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளுக்கு 2110 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2710, கடும் உழைப்புக்கு 3470. 55 கிலோ பெண்ணுக்கு முறையே 1660, 2130, 2720. உட்கார்ந்தவருக்கும் கடுமையாக உழைப்பவருக்கும் நடுவே ஆணுக்கு 1360 கலோரி இடைவெளி. ஒரு கப் சோறு சுமார் 200 என்று வைத்தால் ஆறேழு கப் சோறு. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்குத் தினமும் அந்தக் கூடுதல் சாப்பாடு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கிடைக்காமல் ஒல்லியாக இருப்பதை ஆரோக்கியம் என்று நாம் பாராட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஊரில் வயல் வேலை பார்த்தவர் நகரத்துக்கு வந்து அபார்ட்மென்ட் செக்யூரிட்டியாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார். உழைப்பு ஒரே நாளில் மாறிவிடுகிறது. தட்டின் அளவு மாறப் பல வருடம் ஆகிறது, சில பேருக்கு மாறுவதே இல்லை.

ஒரு நாட்டுக்கே எடை கூடியதற்கு வேலை மாறியதைக் காரணம் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் டிமோத்தி சர்ச் என்பவரின் குழு 2011-இல் அப்படித்தான் வாதிட்டது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே தனியார் துறை வேலைகளில் கிட்டத்தட்டப் பாதிக்குக் குறைந்தது நடுத்தர அளவு உடலுழைப்பாவது தேவைப்பட்டது. அரை நூற்றாண்டில் அது 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வேலையில் செலவாகும் சக்தி நாளுக்கு 100 கலோரிக்கு மேல் குறைந்தது என்றும், அந்தக் காலத்தில் எடை கூடியதில் பெரும்பங்கை அதை வைத்தே விளக்கலாம் என்றும் சொன்னார்கள்.

நூறு கலோரி என்றால் ஒரு வடை. அதற்கா இவ்வளவு எடை? எடையைக் கணிக்கும் கணித மாதிரிகளை உருவாக்கிய கெவின் ஹால் தரும் விதி இங்கே உதவும்: தினமும் சுமார் 24 கலோரி நிலையாகக் கூடினால் காலப்போக்கில் ஒரு கிலோ கூடும். அதில் பாதி முதல் வருடத்திலேயே வந்துவிடும், மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட முழுதும். நூறு கலோரி என்றால் நான்கு கிலோ சொச்சம். எடை கூடக்கூட உடம்பும் கூடுதலாகச் செலவழிப்பதால் அங்கே போய் நின்றுவிடும், முடிவில்லாமல் ஏறாது. அப்படியென்றால் நான்கு கிலோவுக்கு மேல் ஏறியதற்கு வேறு கணக்கும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அப்போது சாப்பாட்டைக் கவனிக்காமல், அசைந்தால் மட்டும் போதுமா?

இப்படி ஒருவர் சொன்னால் அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டைவிட உடற்பயிற்சியை முன்னிறுத்திய விஞ்ஞானிகளின் அமைப்பு ஒன்றுக்குக் கோகோ கோலா நிறுவனம் பணம் கொடுத்திருந்தது 2015-இல் வெளியே வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அமைப்பே கலைக்கப்பட்டது. விஞ்ஞானிகள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சர்க்கரைத் தண்ணீர் விற்பவருக்கு எந்தப் பதில் வசதி என்று தெரிந்துகொண்டால் போதும்.

நாள் முழுக்க அலைகிறவர் நம்மைப்போல இரண்டு மடங்கு கலோரி எரிப்பார் அல்லவா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தார். உடம்பில் பின்தொடர்ந்து அளக்கும்படி அணுக்களில் அடையாளமிட்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரைப் பரிசோதித்து, மொத்தச் செலவைக் கணக்கிடும் முறை அது. 2012-இல் வந்த முடிவு பலரைத் தூக்கிவாரிப் போட்டது: உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேற்கத்திய நாட்டு நாற்காலிக்காரர்கள் அளவுக்குத்தான் ஹட்சாக்களும் ஒரு நாளில் செலவழிக்கிறார்கள்.

நிறைய அசைந்தால் உடம்பு வேறு இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எந்த அளவுக்குப் பிடிக்கிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மேலே சொன்ன 3470 கலோரிக் கணக்கோடு இது உரசுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஸ்மார்ட் வாட்ச் "இன்று 400 கலோரி எரித்தீர்கள்" என்று சொன்னதை நம்பி அதே 400-க்குப் பரோட்டா சாப்பிட வேண்டாம்.

பக்கத்து சீட்டுக்காரர் என்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறார். ஒல்லியாகவே இருக்கிறாரே, எப்படி?

எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் 1999-இல் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார். கூடிய கொழுப்பு ஒருவருக்கு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். தப்பித்தவர்கள் யாரும் ஜிம்முக்குப் போகவில்லை. எழுவது, நடப்பது, காலாட்டுவது, நிமிர்வது போன்ற சில்லறை அசைவுகள் அவர்களுக்குத் தானாகக் கூடியிருந்தன.

2005-இல் அதே குழு ஒல்லியானவர்களையும் பருமனானவர்களையும் ஒப்பிட்டது. பருமனானவர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். எடையைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தபோதுகூட அந்தப் பழக்கம் மாறவில்லை. ஆகவே உங்கள் நண்பரின் ரகசியம் அவருடைய கால்களில் இருக்கலாம். ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்: போன் வந்தால் எழுந்துவிடுவார், தண்ணீர் பாட்டிலைப் பாதிதான் நிரப்புவார், ஒரு வரி சொல்ல மெயில் அனுப்பாமல் உங்கள் சீட்டுக்கே வந்து நிற்பார்.

நின்று வேலை செய்யும் மேஜை வாங்கலாமா?

முதுகுக்காக என்றால் வாங்குங்கள். எடைக்காக என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். 46 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் ஒரு கணக்கு வந்தது. 65 கிலோ ஆள் தினமும் ஆறு மணி நேரம் உட்கார்வதை விட்டு நின்றால் கூடுதலாகச் செலவாவது 54 கலோரி. டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை விட்டாலே 40 போய்விடும், கால் வலியும் மிச்சம்.

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறோம். எங்களுக்கு உடற்பயிற்சி தேவையில்லைதானே?

இதைக் கேட்டவர் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண். நிற்பது உடற்பயிற்சி அல்ல. அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு போகும். எடையும் குறையாது. உட்கார இடம் கேட்டுப் பெண்கள் போராட வேண்டியிருந்த நாடு இது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பெண்கூட்டு என்ற அமைப்பின் வழியாகக் குரல் எழுப்பி, கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, ஊழியர்களுக்கு இருக்கை இருக்க வேண்டும் என்றது. சட்டம் வந்துவிட்டது. ஸ்டூல் எத்தனை கடையில் வந்தது என்பதை அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது நீங்களே பாருங்கள்.

உழைப்பாளிகள் விஷயத்தில் இன்னொரு முரணும் பேசப்படுகிறது. ஓய்வு நேரத்தில் ஓடியாடுபவர்களுக்கு ஆயுள் கூடுகிறது. ஆனால் கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு அகால மரண ஆபத்து 18 சதவீதம் அதிகம் என்று 2018-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. டென்மார்க் ஆய்வாளர் ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் சொல்லும் காரணம் எளிமையானது. பயிற்சி அரை மணியில் முடிந்து ஓய்வு கிடைக்கும். மூட்டை தூக்குபவருக்கு எட்டு மணி நேரமும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியே இருக்கும், நினைத்தபோது நிறுத்தவும் முடியாது. ஆனால் 2021-இல் வந்த நார்வே ஆய்வு ஒன்றில், புகைப்பழக்கம், படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததும் அந்த ஆபத்து மறைந்துவிட்டது. அப்படியானால் குற்றவாளி உழைப்பா, வறுமையா? நான் வறுமையின் பக்கம் கையைக் காட்டுவேன்.

வீட்டு வேலை கணக்கில் வருமா?

நிச்சயமாக வரும். அதைச் செய்வது யார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். குனிந்து பெருக்குவது, துணி அலசிப் பிழிவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் நடுத்தர உழைப்புதான். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கையை முதலில் கோயம்புத்தூர் கிரைண்டர் விடுவித்தது. 2011-க்குப் பிறகு அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்தில் எளிய வீடுகளுக்கும் அந்த விடுதலை வந்து சேர்ந்தது. "அந்தக் காலத்துப் பொம்பளைங்க அம்மி அரைச்சே ஆரோக்கியமா இருந்தாங்க" என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: அம்மியை நீங்கள் அரைத்துப் பாருங்கள். மிச்சமான அந்த நேரம் நடைப்பயிற்சிக்கோ தூக்கத்துக்கோ போயிருந்தால் நல்லது. பல வீடுகளில் அது இன்னொரு வேலைக்குத்தான் போனது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019-21-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். அகில இந்திய அளவில் இது பெண்களில் 24, ஆண்களில் 22.9. இதற்குக் கிரைண்டரைக் குற்றம் சொல்வது அபத்தம். வேலையும் சோறும் பயணமும் எல்லாம் சேர்ந்து மாறியதன் கணக்கு இது.

நைட் ஷிப்டில் எடை ஏறுமா?

ஏறும் வாய்ப்பு அதிகம். தூக்கம் குறைந்தால் பசி கூடும். தூக்கத்தைக் குறைத்து நடத்திய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், மறுநாள் சராசரியாக 385 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைப்பதும் பிரியாணியும் பிரெட் ஆம்லெட்டும்தான். ஷிப்டுக்குப் போகும் முன்பே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நடுராத்திரியில் சின்னதாக ஏதாவது எடுத்துக்கொள்வது நல்லது.

என் எடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. பிஎம்ஐ (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25 வரை பரவாயில்லை என்பது வெள்ளைக்காரர்களின் கணக்கு. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-இல் உடல்பருமன் என்று 2009-இல் இந்திய மருத்துவர்கள் வகுத்தார்கள். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்பது நம்மவர்களுக்குப் பழகிய உருவம்.

சரி, ஆபீஸில் நான் என்னதான் செய்வது? பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமா?

பத்தாயிரம் என்ற எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த "மான்போகெய்" என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. பெயருக்கு அர்த்தமே "பத்தாயிரம் அடி அளவி". அதற்குக் கீழேயே பலன் தொடங்கிவிடுகிறது. 2000 அடி நடப்பவர் 5000-க்குப் போவது, 8000 நடப்பவர் 11,000-க்குப் போவதைவிட லாபம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அப்போது விட்டுவிட்டார்கள். சில்லறையும் காசுதான்.

ஆபீஸில் எனக்கு நிலைத்தவை மூன்றுதான். போன் வந்தால் எழுந்து நடப்பது. சாப்பிட்டதும் சீட்டுக்குப் போகாமல் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றுவது. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழு 2012-இல் காட்டியபடி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தாலே சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை மட்டுப்படுகிறது. மூன்றாவது, சாயங்கால டீயோடு வரும் பஜ்ஜியை வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒதுக்கியது. மூன்றிலும் எடையைக் குறைத்தது இந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். குறைந்ததைத் திரும்ப ஏறாமல் பிடித்து வைத்திருப்பவை முதல் இரண்டும்.

பேன்ட்?

34. பழைய 32 அலமாரியில் இருக்கிறது.